ஊட்டு வயசு, கம்பெனி வயசு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, மணவாள நகரில் எங்கள் வீட்டு ஹாலில் நாலு பேர் உட்கார்ந்து வயசு பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நாலு பேரில் ஒருவர்தான் அதுவரை உண்மை மட்டுமே சொல்லி வந்தவர். கடைசியில் மன்னிப்புக் கேட்டது அவர்தான்.

எப்படி என்கிறீர்களா? முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன், சம்பந்தப்பட்ட இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். கம்பெனி பெயரைத் தலைகீழாக நின்று கேட்டாலும் சொல்வதாக இல்லை.

தணிகாசலம். கும்மிடிப்பூண்டியில் நான் பர்சனல் டிபார்ட்மென்டில் குப்பை கொட்டும் இரும்புக் கம்பெனியில் கிரேன் ஆபரேட்டர். ஷெட்டுக் கூரைக்குக் கீழே தொங்கும் ஒரு கூண்டில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, கீழே சிவக்கச் சிவக்கப் போகும் இரும்புக் கட்டைகளைத் தூக்கி வைக்கிற வேலை. சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை பக்கம். அப்பா இல்லை. இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்து, அம்மாவுக்குத் தளம் போட்ட வீடு ஒன்றைக் கட்டி முடித்து மனுஷன் நிமிர்ந்து பார்த்தபோது, கூட வேலைக்குச் சேர்ந்தவருடைய பையன் எட்டாவது படித்துக்கொண்டிருந்தான்.

மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், நீங்க பத்திரிகைல எழுதறவங்க. எனக்கு நாலு வரி எழுதிக் குடுக்கணும்."

லீவ் லெட்டராக இருக்கும், இல்லையென்றால் கேன்டீன் சாம்பார் பற்றிப் புகாராக இருக்கும் என்று பேனாவை எடுத்தேன்.

"அது இல்ல மேடம். இன்டர்நெட்ல பொண்ணு தேடறதுக்கு. என்னைப் பத்தி எழுதுன்னு ஒரு கட்டம் கீதாம். எனக்கு இன்னா எழுதறதுன்னே தெர்ல."

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து இருவரும் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனோம். ஆணும் பெண்ணுமாக உள்ளே நுழைந்ததைப் பார்த்த சென்டர்காரர், தடுப்பு இல்லாத, வாசலுக்கு நேராக இருக்கிற சிஸ்டத்தைக் காட்டினார். இந்த வயசில் என்னை இப்படி ஒருவர் சந்தேகப்பட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். (எந்த வயசு என்று கேட்டு மாசம் ஒரு கடிதமாவது வருகிறது. வரட்டும்.)

பெயர், உயரம், படிப்பு, வேலை எல்லாம் மளமளவென்று போனது. 'என்னைப் பற்றி' கட்டத்தில், 'உயரத்தில் இருந்து பொறுமையாக வேலை பார்ப்பவன்' என்று ஒரு வரி போட்டேன். எனக்கே பிடித்திருந்தது. அடுத்தது வயசு. தணிகாசலம் கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஊட்டு வயசு போடறதா மேடம், கம்பெனி வயசு போடறதா?"

என் காதில் சரியாகத்தான் விழுந்தது. பதினாறு வயசில் வேலை கேட்டு கம்பெனி வாசலுக்கு வந்திருக்கிறார். பதினெட்டு ஆகாமல் உள்ளே விட மாட்டார்கள். எட்டாம் வகுப்பு டி.சி.யை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு, ஒரு டாக்டரிடம் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்று, பத்தொன்பது என்று சர்டிபிகேட் வாங்கிவிட்டார். அன்றைக்கு ஏறிய மூன்று வயசு இறங்கவே இல்லை. கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்து ரேஷன் கார்டு, ரேஷன் கார்டைப் பார்த்து வாக்காளர் அட்டை. எல்லாவற்றிலும் முப்பத்தெட்டு. வீட்டு வயசு முப்பத்தைந்து.

சட்டப்படி நான் அன்றைக்கே ஒரு மெமோ டைப் அடித்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்து ஆட்களில் பாதிப் பேருக்கு இரண்டு வயசு என்பது ஷெட்டில் எல்லாருக்கும் தெரியுமாம். பதினைந்து வருஷமாக ஃபைலை வைத்திருக்கிற எனக்கு மட்டும்தான் தெரியாதாம். ஆகவே மெமோவை விட்டுவிட்டேன்.

உபதேசத்தை விட முடியவில்லை. வாரா வாரம் உங்களுக்கு நேர்மை பற்றி வகுப்பு எடுக்கிறவள் இல்லையா?

"உண்மையான வயசைப் போடுங்க தணிகாசலம். கல்யாண விஷயம்."

"எல்லாப் பேப்பர்லயும் முப்பத்தெட்டுதான் கீது மேடம். நாளைக்கு மாட்டிக்கினா?"

"உண்மையைச் சொன்னா எப்படி மாட்டுவீங்க?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தைந்து என்று அடித்தார். அடுத்த கட்டம், எதிர்பார்க்கும் பெண்ணின் வயசு — இத்தனையிலிருந்து இத்தனை வரை. இதற்கு அவர் யோசிக்கவே இல்லை. இருபத்து மூன்றிலிருந்து இருபத்தெட்டு.

"ஏன், முப்பத்து மூணு, முப்பத்து நாலெல்லாம் பொண்ணுங்க இல்லையா?"

"அவ்ளோ வயசாயிட்ட பொண்ணா மேடம்?" என்றார், முப்பத்தைந்து வயசு மாப்பிள்ளை. முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

ஒரு மாசம் ஒன்றும் நடக்கவில்லை. இவர் விருப்பம் தெரிவித்த பெண்கள் எல்லாரும் மௌனம். அந்த ஒரு மாசத்தில் நான்தான் அந்த வெப்சைட்டில் விழுந்து கிடந்தேன். மற்றவர்கள் வீட்டு விஷயத்தை உட்கார்ந்த இடத்தில் படிக்கலாம் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

என்ன பார்த்தேன் தெரியுமா? முப்பது வயசுக்காரர் இருபத்தைந்தைத் தேடுகிறார். சரி. நாற்பது வயசுக்காரரும் இருபத்தைந்தைத்தான் தேடுகிறார். ஐம்பத்திரண்டு வயசில், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு, 'மென்மையான உணவு சமைக்கத் தெரிந்த' பெண் கேட்கும் ஒருவர் பெரிய மனசு பண்ணி முப்பத்தைந்து வரைக்கும் போகிறார். ஆண்களுக்கு ஆண்டுக்கு ஒன்று ஏறுகிறது. அவர்கள் தேடுகிற பெண் மட்டும் இருபத்தைந்திலேயே நின்றுகொண்டிருக்கிறாள். பாவம், கால் வலிக்காதோ?

சாட் ரூம் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே இன்னும் சிக்கனம். வணக்கம்கூடக் கிடையாது. முதல் கேள்வியே வயசு என்ன. பிறகுதான் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்பதெல்லாம். பெண் என்று சொல்லி, கூடவே முப்பத்தைந்துக்கு மேல் ஒரு நம்பரையும் சொல்லிவிட்டால் எதிர்ப்பக்கம் கரன்ட் போய்விடுகிறது. நான் சோதித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாவது மாசம் தணிகாசலம் இறங்கி வந்தார். அதாவது வயசு வரம்பில் ஏறி வந்தார். முப்பத்திரண்டு வரைக்கும் பார்க்கலாம் என்று மாற்றினார். மாற்றிய வாரமே ஒரு கடிதம். கலைச்செல்வி, வயசு முப்பத்திரண்டு, திருவள்ளூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

'உயரத்தில் இருந்து பார்த்தால் மனுஷங்க எப்படித் தெரிவாங்க?' என்று ஒரே ஒரு வரி கேட்டிருந்தாள். என் வரி வேலை செய்துவிட்டது.

பதிலை அவரே எழுதினார். என்னை ஒரு வார்த்தை தொட விடவில்லை. 'ஹெல்மெட் மட்டும் தெரியும். மஞ்சள், நீலம், வெள்ளை. யார் சின்னவர் யார் பெரியவர் என்று தெரியாது.' ஒற்றை விரலால் இதை அடிக்க இருபது நிமிஷம் ஆனதாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சென்டர். அவள் வார்டு கதை சொல்வாள். ஊசி போடும்போது பேஷன்ட்டுகள் பேச்சுக் கொடுப்பார்களாம். 'கொழந்தைங்க எத்தினிம்மா?' என்பதுதான் முதல் கேள்வி. முதலில் 'இன்னும் கல்யாணம் ஆகல' என்று சொல்லி வந்தாளாம். இப்போது 'ரெண்டு' என்று சொல்லிவிடுகிறாளாம், பேச்சு சீக்கிரம் முடிகிறது என்று. இதைச் சொன்னபோது தணிகாசலம் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

இரண்டு வீட்டிலும் ஜாதகம் எழுதி வைக்கிற வழக்கம் கிடையாது. பெயர்ப் பொருத்தம்தான். அது பிரமாதமாகப் பொருந்தியது. கல்யாணம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று நான் புடவை பற்றி யோசிக்க ஆரம்பித்தபோது, கலைச்செல்வியின் அண்ணன் சேகர் விசாரணையில் இறங்கினார்.

திருவள்ளூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். சரக்கு கொண்டுபோகும் ஆள் ஒருவர் மூலமாக ஆர்.கே.பேட்டை வாக்காளர் பட்டியலில் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வரவழைத்தார். தணிகாசலம், வயசு முப்பத்தெட்டு. அன்றைக்கே போன் வந்தது.

மறுநாள் காலையில் தணிகாசலம் என் மேஜைக்கு வந்தார். ராத்திரி தூங்காத கண்.

"வயசுலயே மூணு வருசத்த முழுங்கறவன், மத்ததுல இன்னா இன்னா முழுங்குவானோன்னு கேக்கறாரு மேடம். இனிமே எழுதக் கூடாதுன்னு சொல்ட்டாரு."

"நீங்க விளக்கிச் சொல்ல வேண்டியதுதானே?"

"பொய்யின்னு முடிவு பண்ணிட்டாங்கோ. இன்னா சொன்னாலும் இன்னொரு பொய்யாத்தான் தெரியுது." என் பேப்பர் வெயிட்டை எடுத்துத் திருப்பி வைத்தார். "உண்மையச் சொன்னா எப்டி மாட்டுவீங்கன்னு கேட்டீங்களே மேடம். இப்டித்தான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கம்பெனி வயசையே போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. நேர்மை நேர்மை என்று பேனா பிடித்த கையால் ஒரு நல்ல மனுஷனைப் பொய்யனாக்கியது நான்தான்.

"இந்தப் பொண்ணு இல்லேன்னா நான் வேற தேடறதா இல்ல மேடம்," என்றார். "கம்ப்யூட்டர்ல ஆயிரம் கீது. எனக்கு வாணாம்."

ஒரு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய், அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் இருந்து அந்த எட்டாம் வகுப்பு டி.சி.யை எடுத்து வந்தார். நான் சேகருக்கு போன் போட்டேன். பர்சனல் ஆபீசர் என்று சொல்லி, ஆதாரம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள் என்றேன். தங்கையோடு வருவதாக ஒப்புக்கொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டோம்.

மூன்று மணிக்கே தணிகாசலம் ஆஜர். இஸ்திரி போட்ட சட்டை. பிளாஸ்டிக் கவருக்குள் டி.சி. அதை டீப்பாய் மேல் வைத்து, நேராக இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தார். மூன்றரைக்கு மணி அடித்தது. கலைச்செல்வி மட்டும் நின்றாள். அண்ணன் கடையைச் சாத்திவிட்டு நாலு மணிக்கு வருவார், அதற்குள் பேசியாக வேண்டும் என்று ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள்.

இருவரும் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தணிகாசலம் எழுந்து நின்றார்.

"போட்டோவுல கீற மாதிரியே கீறீங்கோ," என்றார்.

"அது நாலு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ," என்றாள் அவள். உட்கார்ந்தாள். ஹேண்ட்பேகை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வயசும் அந்த போட்டோல இருக்கற வயசுதான். சைட்ல போட்டது அண்ணன். எனக்கு இப்ப முப்பத்தாறு."

நாகரிகம் தெரிந்தவளாக இருந்தால் நான் எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். பத்தி எழுதுகிறவள், உட்கார்ந்தே இருந்தேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றார் தணிகாசலம்.

"முப்பத்தாறுன்னு போட்டிருந்தா நீங்க என் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டீங்க. முப்பத்திரண்டு வரைக்கும்னுதானே போட்டிருந்தீங்க?"

அவள் சொன்னதில் கோபம்கூட இல்லை. தினமும் பார்க்கிற ஒரு சங்கதியைச் சொல்கிற குரல்தான்.

"அக்கா," என்று என் பக்கம் திரும்பினாள். "முப்பத்தாறுன்னு போட்டிருந்தப்போ வந்ததெல்லாம் அம்பது வயசுக்காரங்க. ஒருத்தர் சுகர் மாத்திரை லிஸ்ட்டை அனுப்பி இதெல்லாம் பார்த்துக்குவீங்களான்னு கேட்டாரு. அதுக்கப்புறம்தான் அண்ணன் நாலைக் குறைச்சாரு."

பிறகு டீப்பாய் மேல் இருந்த கவரைப் பார்த்தாள்.

"இதை அண்ணன்கிட்ட காட்டாதீங்க. என் நிஜ வயசு வீட்ல எல்லாருக்கும் தெரியும். சைட்ல முப்பத்தஞ்சுன்னு பார்த்ததுலேர்ந்தே எங்கம்மா இழுத்துக்கிட்டு இருந்தாங்க, அதான் அண்ணன் விசாரிக்கவே போனாரு. பையன் ஒரு வயசு சின்னவன்னு உறுதியாயிட்டா அந்த நிமிஷமே வேணாம்னு சொல்லிடுவாங்க. அண்ணனும் ஒத்துக்க மாட்டாரு. முப்பத்தெட்டுன்னா பரவால்ல. ரெண்டு வயசு பெரியவரு. அண்ணனுக்கு முப்பத்தெட்டுல வருத்தமே இல்ல, குறைச்சு சொன்னதுலதான் வருத்தம்."

"அப்ப நான் இன்னா பண்ணணும்?"

"ஆமா, குறைச்சுத்தான் போட்டேன்னு சொல்லிடுங்க."

யோசித்துப் பாருங்கள். சொல்லாத பொய்யைச் சொன்னதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். இருபத்தெட்டுக்கு மேல் பெண்ணே இல்லை என்று நினைத்திருந்த மனுஷன், தன்னைவிட ஒரு வயசு பெரியவளுக்காக. எழுந்து போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நான் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

தணிகாசலம் கவரை எடுத்தார். நாலாக மடித்தார். என்னிடம் நீட்டினார்.

"இத்த நீங்க உள்ள வெச்சுடுங்க மேடம். கம்பெனி வயசே இருக்கட்டும்."

நான் பீரோவைப் பூட்டிவிட்டு வருவதற்கும் சேகர் செருப்பைக் கழற்றுவதற்கும் சரியாக இருந்தது. சட்டைப் பாக்கெட்டில் ஜெராக்ஸ் துருத்திக்கொண்டு இருந்தது. அதை அவர் எடுக்கத் தேவையே ஏற்படவில்லை.

"தப்புதாங்க," என்றார் தணிகாசலம், தலையைக் குனிந்துகொண்டு. "மூணு வயசு கொறச்சுப் போட்டேன். மன்னிச்சுக்கோங்க."

என் வீட்டு ஹாலில், என் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எழுத வைத்த உண்மைக்காக அவர் மன்னிப்புக் கேட்கிறார். வாயைத் திறந்தால் கெட்டது என்று காபியைக் குடித்தேன்.

சேகர் உடனே இளகிவிட்டார். ஜெயித்தவருக்கு வரும் தாராளம்.

"சரி உடுங்க. ஒலகத்துல எல்லாரும் பண்றதுதான். ஆனா எங்கூட்ல அந்தப் பழக்கம் கெடையாது, அதான் கோவம் வந்துட்சி." ஒரு வாய் காபி. "தங்கச்சிக்கு முப்பத்தி நாலு. சைட்ல ரெண்டுன்னு டைப் பண்ணும்போது தப்பாயிட்டுது."

கலைச்செல்வி தரையைப் பார்த்தாள். தணிகாசலம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சேகர் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், கம்பெனி ரெக்கார்டுல முப்பத்தெட்டுதானே?"

"முப்பத்தெட்டுதான்," என்றேன். ரெக்கார்டில் அப்படித்தானே இருக்கிறது? நாலு மணிக்கு மேல் அந்த ஹாலில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

"நாலு வயசு வித்தியாசம். கரெக்டா கீது," என்று திருப்தியாக எழுந்தார் அண்ணன். ஆவணியில் கல்யாணம். இதையெல்லாம் நான் எழுதுவதால் அவருக்குத் தெரிந்துவிடாதா என்று பயப்படாதீர்கள். இந்தப் பத்திரிகையில் அவர் ராசிபலன் பக்கத்தைத் தாண்டியதே இல்லை என்று தங்கையே உத்தரவாதம் கொடுத்திருக்கிறாள்.

டி.சி. என் பீரோவிலேயே இருக்கிறது. வீட்டில் இருந்தால் பேஜாரு என்று தணிகாசலம் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். மூன்று வருஷம் முன்னதாகவே ரிட்டயர் ஆகிவிடுவீர்களே என்றேன். "ஏணி ஏறி எறங்கற வேலை மூணு வருசம் மிச்சம் மேடம்," என்றார்.

முந்தாநாள் கலைச்செல்வி போன் செய்தாள்.

"அக்கா, ஒரு உதவி. அவரோட நெஜமான பொறந்த நாள் என்னைக்குன்னு அந்த டி.சி.யைப் பார்த்துச் சொல்றீங்களா? சேர்ந்ததுலேர்ந்து டாக்டர் எழுதின தேதிலதான் கம்பெனில சாக்லேட் குடுத்திருக்காரு. சரியான நாள்ல யாரும் வாழ்த்தே சொன்னதில்லையாம். வருஷா வருஷம் ஒரு சின்ன கேக் வாங்கலாம்னு இருக்கேன். வீட்ல யாருக்கும் தெரியாம."

பீரோவைத் திறந்து பார்த்தேன். ஜூன் ஒன்று.

எனக்குத் தெரிந்த தேதிதான். எங்கள் கம்பெனி ஃபைல்களில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் திறந்த அன்று குழந்தையைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கை தலைக்கு மேலாகச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொட்டுவிட்டால், இன்றோடு ஐந்து வயசு என்று ஹெட்மாஸ்டர் எழுதிவிடுவார்.

"கிடைச்சுதாக்கா?"

"ஜூன் ஒண்ணும்மா," என்றேன்.

கொஞ்ச நாளைக்கு உண்மை பேசுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.